அன்பும் பாடும்

தமிழிலே 'பாடு' என்பது ஒரு சிறு சொல். எனினும் அது சுமக்கும் பொருள் பெரிது. உழைப்பையும் பாடு என்கிறோம்; துன்பத்தையும் பாடு என்கிறோம். கிறிஸ்து பெருமான் சிலுவையில் ஏற்ற துயரங்களைப் 'பாடுகள்' என்றே தமிழ்க் கிறிஸ்தவர் தலைமுறை தலைமுறையாய் வழங்கி வருகின்றனர். இவையன்றி இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அஃது எம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வழங்குவது. மீன் பிடிக்கும் இடத்தையும், அங்கு வலை கட்டும் முறையையும் ஒருங்கே குறிப்பது. இப்பொருளை யாம் எழுத்தறியுமுன்னரே அறிந்தோம். ஏனைய பொருள்களைப் பின்னர்ப் பள்ளியிலும் கோயிலிலும் கற்றோம். இவையனைத்தும் தம்முள் உறவுடையன என்பதை எமக்கு உணர்த்தியவரோ, தம் பெயரையும் எழுத அறியாத எம் பாட்டியார். அவ்வுணர்வைக் கல்லூரித் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளுதலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னைக்கு வடக்கே பொன்னேரியைக் கடந்து சென்றால், வங்கக் கடலை ஒட்டிக் கிடக்கும் பழவேற்காட்டு ஏரியைக் காணலாம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள், ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டில் உள்ளது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு நீண்டு கிடக்கின்றது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறுவதும் இறங்குவதுமே இவ்வேரியின் மூச்சு. அம்முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின் ஏரிக்கு மூச்சு முட்டும். இறாலும் மீனும் அருகும். குப்பங்களில் அடுப்பு எரியாது. பனிக்காலத்தில் இங்கு வந்திறங்கும் பூநாரைகளைக் காண நகரத்தார் திரளாக வருவர். பறவைகளைக் கண்டு வியந்து மீள்வாருள், குப்பங்களின் வாழ்வை உற்று நோக்குவார் சிலரே.

இறாற்குஞ்சுகள் ஏரியின் ஆழமற்ற நீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் வற்றுநீரோடு கடலை நோக்கி இறங்கும் இயல்பின. ஆதலின் முகத்துவாரத்தை அடுத்த சில இடங்களே வளமானவை. அவ்விடங்களில் எல்லோரும் ஒரே நாளில் கழி ஊன்றி வலை கட்டுதல் இயலாது. வலியோர் மட்டும் கட்டினால் எளியோர் பட்டினி கிடப்பர். இச்சிக்கலைத் தீர்க்க முன்னோர் கண்ட வழியே பாடு என்பது. குப்பத்துத் தலைக்கட்டுகளின் பெயர்களைச் சீட்டிலே எழுதிக் குலுக்கி, இன்னார்க்கு இன்ன நாள், இன்ன இடம் என வகுத்துவிடுவர். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை அதனை மற்றொருவனுக்கு விட்டு விலகுவான். செல்வனுக்கும் ஒரு சீட்டு. வறியனுக்கும் ஒரு சீட்டு. முறை தவறியவனை ஊர்க்கூட்டம் விசாரித்துத் தண்டம் விதிக்கும். எழுதப்பட்ட சட்டம் புகாத நீரிலே இம்முறை நெடுங்காலம் நிலைத்து வந்திருத்தல் வியத்தற்குரியதன்றோ?

ஆயினும், சீட்டிலே பெயர் இல்லாதாரும் ஏரியில் உளர். பாடு உரிமை மரபாகச் சில குப்பங்களுக்கே உரியது. அதுபற்றி எழுந்த பிணக்குகளும் பல. இருளர் மக்களுள் பலர்க்கோ வலையும் இல்லை, படகும் இல்லை. அவர்கள் நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பர். பனையோலையால் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லாற் கவ்விக்கொண்டு, அகப்பட்டவற்றை அதிலே சேர்ப்பர். எம் குப்பத்துப் பிள்ளைகளாகிய யாம் அவர்களை நாள்தோறும் கண்டோம். ஆனால் ஒருநாளும் நோக்கினோமில்லை. அவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நிற்க. எம் சிற்றப்பனார் செய்த குற்றமொன்றை இங்குக் கூறவேண்டியிருக்கின்றது. அதனை எழுதுதற்கு அவரிடமே இசைவு பெற்றோம். அவர் பெயரையும் குப்பத்தின் பெயரையும் மட்டும் சொல்லாது விடுகின்றோம்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஓர் அமாவாசை இரவு. அன்றைய பாடு எம் தெருவினர் ஒருவருக்கு உரியது. அவர் கடுங்காய்ச்சலாற் படுத்திருந்தமையால், தம் மைத்துனரை வலை கட்ட அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். மைத்துனர் சென்று பார்த்தபோது அங்கே முன்னரே ஒரு வலை கட்டப்பட்டிருந்தது. கட்டியவர் எம் சிற்றப்பனார். விடியுமுன் இறாலை விற்றார். விற்ற பணத்திற் பாதியைக் குடித்தார். ஊர்க்கூட்டத்தில் வினவியபோது, "நான் அன்று ஏரிக்கே போகவில்லை" என்றார்; கோயில்மேல் ஆணையிட்டும் அதையே சொன்னார். கண்டவர் இருவர் எழுந்து நின்றதும் வாயடைத்துப்போனார். தண்டம் விதிக்கப்பட்டது. அன்றிரவே எவரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டு நீங்கினார்.

உடன்பிறந்தார் இருவர்க்கும் ஒரே படகாதலின், தண்டம் எம் தந்தையாரின் தலைமேல் விழுந்தது. அது செலுத்தப்படும்வரை எம் குடும்பத்தின் சீட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்னையாரின் காதுத்தோடு அடகுக்கடைக்குச் சென்றது. எம்மைப் பதினோராம் வகுப்பிற் சேர்ப்பதற்கென வைத்திருந்த பணமும் அதன் பின்னே சென்றது. அக்கோடை முழுதும், இறால் வாங்கும் கொட்டகையொன்றில் யாம் பனிக்கட்டி சுமந்து அப்பணத்தை ஈட்டினோம். தோளிலே பனிக்கட்டியின் குளிர்; நெஞ்சிலே சினத்தின் தீ. பிழை செய்தாரை யாம் பொறுப்பதுபோல் எம் பிழையையும் பொறுக்குமாறு ஞாயிறுதோறும் வேண்டிக்கொண்டோம். நா வேண்டியது, நெஞ்சு வேண்டவில்லை.

ஆயா என யாம் அழைக்கும் பாட்டியார் மட்டும் மகனைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, தீயதும் சொல்லவில்லை. இரவுதோறும் எல்லோரும் உண்டபின் ஒருவர்க்குரிய சோற்றை மிகுத்து நீரூற்றி வைப்பார். காலையில் அதனைத் தாமே உண்பார். பழஞ்சோறு உண்பது எம் கரையில் வழக்கமாதலின், அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. அச்சோறு யாருக்காக வைக்கப்பட்டது என்பது ஏறத்தாழ ஈராண்டு எமக்கு விளங்காமற்போயிற்று.

2023 டிசம்பரில் மிக்சாங் புயல் எம் கரையை அலைத்துவிட்டுச் சென்ற சில நாளில், ஒரு மாலைப்பொழுதில், முதிய இருளர் ஒருவரின் தோளைப் பற்றிக்கொண்டு சிற்றப்பனார் நொண்டியவாறு வந்து சேர்ந்தார். உடல் மெலிந்திருந்தது, வலக்காலில் ஆறாப் புண். கூலி தேடிப் பல ஊர் அலைந்து, ஈற்றில் ஏரியின் மேற்கரையில் விழுந்து கிடந்தவரை, அம்முதியவரின் குடும்பத்தார் தம் குடிசையிலே மழைக்காலம் முழுதும் வைத்துக் கஞ்சி ஊற்றிக் காத்தனராம். புயல் ஓய்ந்ததும் தாய்வீட்டிற்கு அழைத்து வந்திருந்தனர்.

யாம் வாயிலில் நின்றோம். வழிவிட மனமில்லை. தந்தையாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைப்பக்கம் போய்விட்டார். ஆயாவோ, எங்கிருந்தாய், ஏன் போனாய், எதற்கு வந்தாய் என ஒன்றும் வினவவில்லை. "வாடா, உட்கார். சாப்பிட்டாயா?" என்றார். வேப்பிலையிட்டு நீர் காய்ச்சி, அக்காலைத் தம் மடிமேல் வைத்துக் கழுவினார். நாற்றம் பொறாது யாம் மூக்கைப் பொத்தினோம். ஆயாவின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவர் கை ஒருமுறை நின்றது. முற்றத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே அம்முதியவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எம்முள் எவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. ஒரு குவளை நீரும் தரவில்லை. "என் பிள்ளையைப் பிழைக்க வைத்த பெரியவர் நிற்கிறார், உங்களுக்குக் கண் இல்லையா?" என்றார் ஆயா. அவரையும் மகனையும் அருகருகே அமர்த்தி, இருவர்க்கும் ஒரே பானைச் சோற்றைப் பரிமாறினார். ஒரு நாழிகைக்குப்பின் தந்தையார், பொன்னேரி ஆஸ்பத்திரிக்குச் செல்ல ஓர் ஆட்டோவோடு திரும்பி வந்தார். தம்பியின் முகத்தைப் பாராமலே அவரைத் தூக்கி உட்கார வைத்தார்.

இது நிகழ்ந்து சில கிழமைகளுக்குப்பின், ஆயா மகனை அழைத்துக்கொண்டு, பாடு இழந்த அயலவரின் வீட்டுக்குச் சென்றார். யாமும் உடன் சென்றோம். உண்மையைச் சொன்னால், அவர் அவமானப்படுவதைக் காணவே சென்றோம். சிற்றப்பனார் குற்றத்தை மறையாது ஒப்புக்கொண்டார். அயலவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அன்று எனக்குக் காய்ச்சல், இன்று உனக்குக் காலிலே புண். இருவரும் ஒரே தண்ணீரிலே பிழைக்கிறவர்கள். போனது போகட்டும்" என்றார். அத்தோடு நில்லாது, அவர் பெயரை மீண்டும் சீட்டிலே சேர்க்குமாறு தாமே ஊர்ப்பெரியோரைக் கேட்டார். பெரியோர் இசைந்தனர், ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர். கால் ஆறியபின் ஒரு பருவம் முழுதும், பங்கு வாங்காமல், அயலவரின் வலையை இழுத்துத் தரவேண்டும் என்பதே அது. மன்னிப்பு நீதியை அழித்துவிடும் என அஞ்சுவோர் இதனைக் கருதுக. கடன் மறைந்துவிடவில்லை, கடன்பட்டவன் தலைநிமிர்ந்து அதனைத் தீர்ப்பதற்கு ஒரு வழி திறக்கப்பட்டது.

சிற்றப்பனார் அன்றுமுதல் திருந்தி நல்லவராயினார் என எழுத எமக்கும் ஆசைதான். ஆனால் கட்டுரையின் பொருட்டுப் பொய் கூறலாகாது. அவ்வாண்டிலேயே அவர் இருமுறை குடித்துவிட்டு வந்தார். இரண்டாம் முறை யாம் ஆயாவிடம் சினந்து, "இன்னும் எத்தனை முறை?" என்று கேட்டோம். அவர் கிழிந்த வலையொன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். "வலை கிழிந்தால் ஏரியிலே எறிந்துவிடுகிறோமா? உட்கார்ந்து பின்னுகிறோம். நாளைக்கு வேறோரிடத்தில் கிழியும், அதையும் பின்னவேண்டியதுதான்" என்றார். தலை நிமிராமலே சொன்னார்.

குறையுடையோர் எம் வீட்டில் மட்டும் இருந்தாரல்லர். எம் கரையின் கிறிஸ்தவ வரலாறே குறையுடையது. டச்சுக் கம்பெனியார் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டிற் கட்டிய கெல்திரியாக் கோட்டை இன்று சிதைந்து புதர் மண்டிக் கிடக்கின்றது. அவர்தம் கல்லறைத் தோட்டம் மட்டும் காக்கப்பட்டு நிற்கின்றது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளின் உருவங்களைக் கல்லிலே செதுக்கி வைத்திருக்கின்றனர். வேதம் ஓதிய அக்கம்பெனியாரே, பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் பசியால் விற்கப்பட்ட ஏழைகளை விலைக்கு வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். அவ்வாறு சென்றோர் பல்லாயிரவர். அதே பழவேற்காட்டில், 1632 முதல் 1642 வரை, ஆபிரகாம் ரோகேரியுஸ் என்னும் போதகர் வாழ்ந்தார். அவர் பத்மநாபன் என்னும் அந்தணரோடு அமர்ந்து, இந்நாட்டார் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பொறுமையோடு கேட்டறிந்து எழுதினார். 1649இல் அவர் மறைந்தபின், 1651இல் அந்நூல் லெய்டன் நகரில் அச்சேறியது. பத்மநாபன் எடுத்துரைத்த பர்த்ருஹரியின் பாக்கள் டச்சு மொழியில் அதனுள் இடம்பெற்றன. ரோகேரியுஸும் கம்பெனியின் ஊதியம் உண்டவரே; குற்றமற்றவர் எனக் கூறோம். ஆயினும் அயலான் ஒருவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டலும் அன்பின் தொடக்கமன்றோ? இவையிரண்டும் எம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வமும் கடனுமாகும். ஓரிரவு இறாலைக் கவர்ந்தவரை வாயிலில் மறித்து நின்ற யாம், மனிதரையே கவர்ந்த கப்பல்களை எண்ணித் தலைகுனிந்தோம்.

2024ஆம் ஆண்டின் கோடையில், கல்லூரியிற் சேர்வதற்குச் சில நாள் முன்னர், விடியற்காலையில் தந்தையாரை எதிர்கொள்ள ஏரிக்கரைக்குச் சென்றோம். படகு இன்னும் வரவில்லை. சற்றுத் தொலைவில் சிறு நெருப்பு ஒன்று தெரிந்தது. சிற்றப்பனார் அயலவரின் வலையைப் பங்கின்றி இழுத்துக் கொடுத்துவிட்டு, அவர் அன்பாய்த் தந்த மடவை மீன்கள் சிலவற்றைக் கரிநெருப்பிலே சுட்டுக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்தார். நன்கு வெந்த மீனைப் பூவரசிலையில் வைத்து நீட்டி, "சாப்பிடு கண்ணு, பசியாய் இருப்பாய்" என்றார். அவர் கை சிறிது நடுங்கியது.

அவர் திரும்பி வந்து அப்பொழுது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் யாம் அவரைச் சித்தப்பா என்று ஒருமுறையேனும் அழைத்ததில்லை. வேண்டியபோது, "இங்கே பாருங்கள்" என்போம். இல்லையேல் வாய் திறவோம். இதனை வேறெவரும் அறிந்திலர். அவர் அறிந்திருந்தார் என்பது அந்த நடுக்கத்திலே தெரிந்தது.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் உடனே நினைவுக்கு வந்தது. கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, தம் குருவை அறியேன் என மும்முறை மறுத்தவர் பேதுரு. உயிர்த்தெழுந்த பெருமான் அவரைத் திபேரியா ஏரிக்கரையிற் சந்தித்தபோது, மீண்டும் ஒரு கரிநெருப்பை மூட்டி, மீன் சுட்டு வைத்து, முதலில் உண்ண அழைத்தார். பின்னரே, என்மேல் அன்புண்டோ என மும்முறை வினவினார். வினவிய ஒவ்வொரு முறையும் ஒரு பணியை ஒப்புவித்தார். ஏற்றல், மன்னித்தல், பணியில் அமர்த்தல் என்பது அங்குள்ள முறை. அவ்வதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் சிற்றப்பனாரையே பேதுருவாக எண்ணியிருந்தோம். அன்று மீனை ஏந்திநின்ற கையைப் பார்த்தபோது, உறவை மறுத்துநின்றவர் அவரல்லர், யாமே என்பது விளங்கிற்று. உண்ண அழைக்கப்பட்டவரும் யாமே. "சித்தப்பா, நீங்களும் உட்காருங்கள், சேர்ந்து சாப்பிடலாம்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெருப்பை ஊதுபவர்போல் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

கல்லூரிக்கு வந்து திருக்குறளை முறையாகப் பயின்றபோது ஒன்றைக் கண்டு மகிழ்ந்தோம். வள்ளுவனார் அன்புடைமையை 8ஆம் அதிகாரமாகவும் பொறையுடைமையை 16ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அன்புடைமைக்கு அடுத்து நிற்பவை விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல், நடுவு நிலைமை என்பன. மகனுக்குச் சோறிட்டதும், கடிந்துரையாது பேசியதும், முற்றத்தில் நின்ற முதியவரை மறவாததும், அயலவர் வீட்டுக்குச் சென்று நீதிக்குத் தலைவணங்கியதும் இவ்வரிசையிலேயே அமைந்திருத்தல் காண்க. குறள் கேட்டறியாத ஆயா குறளின் வழியே நடந்தார். அன்பு சொல்லளவில் நின்றால் பொறுமையைச் சென்றடையாது. இடையிலே ஒருவர்க்குச் சோறிட்டாக வேண்டும்.

அம்முதிய இருளர் இன்றும் எம் வீட்டுக்கு வருவார். எனினும் சீட்டிலே அவர் பெயர் இல்லை. எம் குப்பம் தன் மகனை மீண்டும் ஏற்றுக்கொண்டது; அம்மகனைக் காத்தவருக்கோ ஏரியில் ஒரு பாடும் இல்லை. தம்மவரை மன்னிக்கும் அன்பு பெரிதே; பெயர்ப்பட்டிகைக்கு வெளியே நிற்பாரையும் தம்மவராகக் காணும் அன்பு அதனினும் பெரிது. அவ்வன்பை எம் கரை இன்னும் முற்றக் கற்கவில்லை, யாமும் கற்கவில்லை. விடுமுறைதோறும் அவர் பேரப்பிள்ளைகள் இருவர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கின்றோம். அவர்கள் எமக்குச் சேற்றிலே இறால் தடவக் கற்பிக்கின்றனர். இதுகாறும் அவர்கள் கற்றது மிகுதி. யாம் பிடித்த இறால் மூன்று.

தோழர்காள்! நம் விடுதியிலும் வகுப்பிலும் வீட்டிலும், யாம் பெயர் சொல்லி அழையாது விட்டவர் ஒருவரேனும் இருப்பர். அவர் குற்றம் மெய்யாகவே இருக்கலாம். நமக்கு நேர்ந்த இழப்பும் மெய்யே. அவர் திருந்தட்டும், பின்னர் அழைப்போம் எனக் காத்திருத்தல் எளிது. நம் ஆண்டவர் நம்மிடம் அவ்வாறு காத்திருந்தாரா?

பிறர் பாடு கவர்தல் குற்றம். பிறர் பாடு சுமத்தல் அன்பு. மீன் பிடிக்கும் பாடுக்குச் சீட்டு உண்டு. துன்பம் சுமக்கும் பாடுக்குச் சீட்டு இல்லை. அதனை அன்புடையார் தாமாகவே முன்வந்து ஏற்பர். எம் ஆயா இன்றும் இரவுதோறும் ஒருவர்க்குரிய சோற்றை மிகுத்து வைக்கின்றார். சித்தப்பாதான் வீட்டிலேயே இருக்கின்றாரே, இது யாருக்கு என்று சென்ற விடுமுறையிற் கேட்டோம். "யாராவது வருவார்கள்" என்றார்.